அகதா கிறிஸ்டி காப்பாற்றிய பூசை

அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதைகளைப் படித்திருப்பீர்கள். அந்த அம்மாள் ஒரு பூசையைக் காப்பாற்றிய கதை தெரியுமா?

1971. கத்தோலிக்கக் கோயில்களில் பழைய லத்தீன் பூசை போய், அவரவர் மொழியில் புதுப் பூசை வந்துகொண்டிருந்த சமயம். 'பழையதை அடியோடு ஒழித்துவிடாதீர்கள்' என்று இங்கிலாந்திலிருந்து எழுத்தாளர்களும் கலைஞர்களும் போப் ஆறாம் பவுலுக்கு மனுப் போட்டார்கள். கிரஹாம் கிரீன், வயலின் மேதை மெனுஹின் எல்லாம் அதில் உண்டு. அகதா கிறிஸ்டி பெயரைப் பார்த்ததும் போப் சம்மதித்துவிட்டார் என்பது செவிவழிக் கதை. விசேஷ நாட்களுக்கு அனுமதி கிடைத்தது நிஜம். 'அகதா கிறிஸ்டி அனுமதி' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அகதா கிறிஸ்டி கத்தோலிக்கரே இல்லை. மெனுஹின் யூதர். லத்தீனின் ஓசை அழகுக்காகவும் அதிலிருந்து பிறந்த இசைக்காகவும் வாதாடினார்கள். நல்ல வாதம்தான். ஆனால் கச்சேரி கேட்பதும் கடவுளிடம் முறையிடுவதும் ஒன்றா, சொல்லுங்கள்?

'லத்தீன் ஆதியிலிருந்து வந்த புனித மொழி' என்பார்கள். இல்லை ஸார். இயேசு பேசியது அரமேயிக். ரோமாபுரியின் முதல் கிறிஸ்துவர்கள் வழிபட்டது கிரேக்கத்தில். ஜனங்களுக்கு அது புரியாமல் போனதும், நாலாம் நூற்றாண்டு வாக்கில் லத்தீனுக்கு மாறினார்கள். அதாவது, லத்தீன் உள்ளே வந்ததே ஜனங்களுக்குப் புரியவேண்டும் என்றுதான்! அந்த லத்தீன் பூசையிலும் 'கீரியே எலேய்சோன்' கிரேக்கத்திலேயே ஒலித்தது.

சரி, பேச்சு மொழி வந்தால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. 1963ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் லத்தீனை வைத்துக்கொண்டே தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. 1965 மார்ச் 7ம் தேதி போப்பே ரோமில் ஒரு பங்குக் கோயிலில் இத்தாலிய மொழியில் பூசை செய்தார். ஆனால் 2011ல் வந்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பைப் பாருங்கள். லத்தீனை ஒட்டிப் போகவேண்டும் என்ற பிடிவாதத்தில், 'ஒன் இன் பீயிங்' என்று எளிமையாக இருந்ததை 'கன்சப்ஸ்டான்ஷியல்' ஆக்கிவிட்டார்கள். தத்துவத் துல்லியம் வேண்டுமாம். எந்த அம்மா தன் பிள்ளையிடம் இந்த வார்த்தையைப் பேசுவாள்? இது லத்தீனுக்கு ஆங்கிலச் சட்டை மாட்டிவிட்ட கதை.

நம் பக்கம் 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. பதினாறே பக்கத்தில், தமிழில் ஜெபங்கள். பூசை மட்டும் மேலும் கிட்டத்தட்ட நானூறு வருஷம் லத்தீனிலேயே நடந்தது. பீடத்தில் ஒரு மொழி, மனசுக்குள் ஒரு மொழி.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்றுதான். எழுதியதைச் சாவு வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தொண்டை அடைத்தால் அது ஜெபம். நாக்கு தடுக்கினால், தயவுசெய்து திரும்ப எழுதுங்கள்.