வாலென்ஸும் நம் காணிக்கைப் பையும்

சபைப் பணத்தில் ஆயர் தவறினார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் பிரசங்க மேடைகளில் யூதாஸ் வந்து நிற்கிறான். பணப்பையை வைத்திருந்தவன், அதிலிருந்து எடுத்தவன் என யோவான் (12:6) கூறுவதால் அவன் எளிதில் கிடைக்கும் எடுத்துக்காட்டு. ஆயினும் ஆயர்களுக்கு அவனைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் உண்டு. அவர் பிலிப்பி சபையில் மூப்பராயிருந்த வாலென்ஸ்.

இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சிமிர்னாவின் கண்காணியாகிய பொலிகார்ப் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் வாலென்ஸும் அவர் மனைவியும் குறிப்பிடப்படுகின்றனர். அப்பகுதியின் கிரேக்க மூலம் கிடைக்கவில்லை. இலத்தீன் மொழிபெயர்ப்பே எஞ்சியுள்ளது. வாலென்ஸ் செய்தது இன்னதென்று அதில் இல்லை. பொருளாசையைக் குறித்த எச்சரிக்கையை ஒட்டி அவர் பெயர் வருவதால், பணத்தில் தவறினார் என்று கொள்கிறோம். பவுலின் குறைச்சலில் மீண்டும் மீண்டும் உதவி அனுப்பிய சபை அது (பிலி. 4:15-16) என்பதை எண்ணும்போது துயரம் மிகுகிறது.

பொலிகார்ப் அவரை மறைக்கவில்லை; சபைக்கு எழுதும் கடிதத்திலேயே பெயரைச் சொல்கிறார். ஆனால் பகைவராக எண்ணாமல், நோயுற்று வழிதப்பிய உறுப்புகளாகக் கருதி இருவரையும் மீட்கும்படி வேண்டுகிறார். நாமோ இரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம். கணக்கில் குறை கண்டால் பெயரை மறைத்து, மன்னிப்பு என்ற பெயரில் ஆயரை வேறு சேகரத்திற்கு மாற்றிவிடுகிறோம். தேர்தல் கட்சிகள் அதில் தலையிட்டாலோ அதே குறை வழக்குமன்றம் ஏறுகிறது. அப்போது மீட்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இக்கடிதத்தில் எனக்குக் குறையாகப் படுவதும் ஒன்றுண்டு. இனிப் பிலிப்பியில் காணிக்கையை யார் எண்ணுவது, யார் எழுதுவது என்பது பற்றிப் பொலிகார்ப் ஒரு சொல்லும் கூறவில்லை. அதைப் பவுலிடமே தேட வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப் பணத்தைச் சபையார் தகுதியுள்ளவர்களெனக் குறிப்பவர் கையில் அனுப்புவேன் என்கிறார், தாம் போவதானாலும் அவர்கள் உடன்வரட்டும் என்கிறார் (1 கொரி. 16:3-4). சபைகள் தெரிந்துகொண்ட சகோதரர் தீத்துவோடு செல்கிறார் (2 கொரி. 8:18-19). அப். 20:4இல் பெயர் குறிக்கப்பட்ட எழுவரும் இப்பணத்திற்குச் சபைகள் அனுப்பிய சாட்சிகளே எனக் கருதும் உரையாசிரியர் பலர். அப்போஸ்தலனே தன் நேர்மையைத் தனிப் பிணையாக வைக்கவில்லை. கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் ஒழுங்காயிருக்க விரும்பினார்.

இனி நம் ஊருக்கு வருவோம். காரிமங்கலம் போன்ற சிற்றூர் ஒன்றில் முப்பது குடும்பங்களுள்ள சபையை எண்ணிப் பாருங்கள். அங்குக் காணிக்கையை எண்ணுபவரும் எழுதுபவரும் செலவிடுபவரும் பெரும்பாலும் போதகரே. செவ்வாய்ச் சந்தையில் ஆடு விற்பவர்கூட வாங்கியவர் கண்முன் நோட்டை எண்ணுகிறார். நாமோ எண்ணச் சொல்வதை அவமதிப்பென்று கருதுகிறோம். இங்கு நேர்வது பெரும்பாலும் திருட்டன்று, கைமாற்று. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு நாள் கடந்துவிட்டது. அறுப்பின் பண்டிகை ஏலப் பணம் பீரோவில் இருக்கிறது. மாதக் கடைசியில் வைத்துவிடலாம். அவர் வைத்தும் விடுகிறார். அடுத்த முறையும் எடுக்கிறார். எல்லைக்கோடு அந்த முதல் கைமாற்றுக்கு முன்பே இருக்க வேண்டும். உறவினரல்லாத இருவர் ஆராதனை முடிந்தவுடன் எண்ணிக் கையொப்பமிட்டு, போதகர் கை படாமல் வங்கியில் செலுத்தினால் அவருக்கு அச்சோதனையே வராது. அவரது படியை உயர்த்தும் பேச்சு நடக்கையில் அவர் வெளியே இருப்பதும் நலம். அந்தப் படியைக் காலத்தில் கொடுக்காத சபைக் குழுவும் இப்பாவத்தில் பங்காளியே. இதை நம்மவர் சொல்வதில்லை.

2024 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இந்து, இஸ்லாமிய அறநிலையங்களுக்கு உள்ளது போன்ற சட்டவழி மேற்பார்வை கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு இல்லையெனச் சுட்டிக்காட்டியது. கேரளத்தில் வி. ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையிலான ஆணையம் 2009இலேயே திருச்சபைச் சொத்துகளுக்கு மசோதா வரைந்தது. இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம் அரசியலமைப்பின் 26ஆம் பிரிவை நாம் கேடயமாக எடுக்கிறோம். அப்பிரிவு சமயக் காரியங்களை நடத்தும் உரிமையை ஒரு வகையாகவும், சொத்தை நிர்வகிக்கும் உரிமையைச் சட்டத்திற்கு இணங்க என்ற நிபந்தனையோடும் கூறுகிறது. அரசின் கை சபைக்குள் நீள்வதை நானும் அஞ்சுகிறேன். ஆனால் கணக்குப் புத்தகத்தை முப்பது குடும்பங்களுக்கே திறந்து காட்டாத சபை, அமைச்சகத்திடம் தன்னாட்சியைப் பற்றி என்ன பேச முடியும்?