சான்றிதழ் கையில், அனுபவம் எங்கே?

திருச்சி பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த வெல்டிங் தொழில், டிப்ளமோ படித்த இளைஞர்களுக்கு இன்னொரு பிழைப்பையும் காட்டியது: போட்ட வெல்டிங்கைச் சோதிக்கும் வேலை. அதில் மீயொலிச் சோதனைக்கு, தொழிலில் எல்லோரும் சொல்லும் யூ.டி.க்கு, தனி மதிப்பு உண்டு. வளைகுடாவின் எண்ணெய் ஆலைகள் ஷட்டவுனுக்கு, அதாவது ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் வேலைக்கு, ஆள் எடுக்கும்போது சோதனையாளர் தகுதியின் இரண்டாம் படியான லெவல் டூவைத்தான் முதலில் கேட்கின்றன. பெரிய பட்டம் இல்லாதவரும் கைத்திறனால் முன்னேறக்கூடிய துறை இது. அதனால்தான் இதற்கு ஆள் தயாராகும் விதம் வருத்தமளிக்கிறது.

முறையில் குறையில்லை. உலோகத்தின் உட்புறத்தை பிலிமில் படமெடுக்கும் ரேடியோகிராபிக்குக் கதிர்வீச்சு மூலம் வேண்டும், சுற்றிலும் ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும். யூ.டி.க்கு இரண்டும் தேவையில்லை. ஒரு பக்கம் கை எட்டினால் போதும்; குறை எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்றும் தெரிந்துவிடும். பிலிமில் எளிதில் தப்பிவிடும் மெல்லிய விரிசலையும், உலோகம் உருகிச் சேராத இடத்தையும் இது நன்றாகவே பிடிக்கும்.

ஆனால் பிடிப்பது கருவி மட்டுமல்ல. புரோப் அனுப்பும் ஒலி திரும்பி, திரையில் ஓர் எக்கோவாக எழுகிறது. அது விரிசலா, வெல்டிங் மேட்டின் விளிம்பிலிருந்து திரும்பும் ஒலியா? அனுபவசாலி எண்ணெய் தொட்ட விரலால் அந்த விளிம்பை அழுத்துவார். எக்கோ தணிந்தால் அது மேற்பரப்பின் வேலை. தணியாவிட்டால் புரோபைத் திருப்பி, வெல்டிங்கின் மறுபக்கத்திலிருந்தும் பார்ப்பார். இதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம். கைக்கு வருவது களத்தில்தான்.

பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க வழிகாட்டியான எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ இதை உணர்ந்தே எழுதப்பட்டது. யூ.டி.யில் லெவல் ஒன்றுக்கும் டூவுக்கும் தலா 40 மணி நேர வகுப்பு. அதன்மேல் 210, 630 மணி நேரக் களப்பணி. தகுதியை வழங்குபவர் வேலை கொடுக்கும் முதலாளி. ஆலைக்கு ஆலை வேலை மாறுவதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் பயிற்சி, தேர்வு, வேலை மூன்றும் ஒரே கையில் இருந்தால் கண்டிப்பு தளர்கிறது. வகுப்பை மட்டும் முடித்துவைத்து, களப்பணியைக் காகிதத்தில் நிரப்பி, சான்றிதழை விற்கும் மையங்கள் புகுந்தது இந்த இடைவெளியில்தான். வெளி அமைப்பே தேர்வு நடத்தும் ஐ.எஸ்.ஓ. 9712 முறை இந்த வகையில் மேலானது என்பது என் கருத்து.

இன்னொரு பலவீனமும் உண்டு. சாதாரணக் கைச்சோதனை பிலிம் போல எதையும் விட்டுச்செல்வதில்லை. மிஞ்சுவது சோதித்தவர் எழுதிய அறிக்கை மட்டுமே. "சீக்கிரம் பாஸ் போடுங்க சார்" என்று உற்பத்திப் பிரிவு நெருக்கும்போது, கை பழகாதவரால் எதை நம்பி மறுக்க முடியும்? ஃபேஸ்டு அரே, டோஃப்டி போன்ற மேம்பட்ட யூ.டி. கருவிகள் தரவைச் சேமித்து வைப்பதால் பிறர் மறுபடி பார்க்கலாம். ஆனால் அவற்றின் விலை அதிகம்; அங்கும் கருவியை அமைப்பதும் தரவைப் படிப்பதும் ஆள்தான்.

தம்பி, தங்கைகளே, பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: உண்மையான குறையுள்ள மாதிரித் துண்டுகள் உண்டா? புரோப் என் கையில் எத்தனை மணி நேரம் இருக்கும்? களப்பணி மணிகளுக்குக் கையெழுத்திடப்போவது யார்? நேரான பதில் வராத மையத்தில் சேராதீர்கள்.