ஐம்பது மீட்டரைத் தாண்டினால் காற்றின் ஆட்டம்

நெடுந்தூர ரைபிள் சுடுதலுக்கு உலகில் இரண்டு மரபுகள் உண்டு. உலகச் சுடுதல் கூட்டமைப்பின் போட்டிகளில் அதிகபட்சத் தூரம் 300 மீட்டர். பிரிட்டனிலும் காமன்வெல்த் நாடுகளிலும் நடக்கும் 'டார்கெட் ரைபிள்' போட்டியோ 300 கஜத்தில் தொடங்கி 1000 கஜம் வரை, அதாவது சுமார் 914 மீட்டர் வரை போகிறது. இரண்டிலும் ரைபிளின் மேல் தொலைநோக்கிக் குறிக்கருவி கிடையாது. பின்னால் ஒரு சின்னத் துளை, முன்னால் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டத்தை நடுவாக நிறுத்தி விசையை அழுத்த வேண்டும்.

இந்தத் தூரங்கள் எவ்வளவு பெரியவை என்பதற்கு வட தமிழ்நாட்டு ஊரான ஆரணியின் வரலாற்றிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1751 டிசம்பரில் ஆரணிக்கருகே ராபர்ட் கிளைவின் படையும் ராஜா சாகிபின் படையும் மோதின. அன்று காலாட்படையின் கையில் இருந்தவை உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட மஸ்கெட்டுகள். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒரு தனி ஆளை அதில் அடித்தால் அது அதிர்ஷ்டம். குழலுக்குள் திருகு வரிகள் வெட்டி, குண்டைச் சுழலவிட்டுப் பறக்கச் செய்த பிறகுதான் தூரம் என்பது விளையாட்டாக மாறியது. 1860 ஜூலையில் லண்டன் விம்பிள்டனில் நடந்த முதல் தேசியப் போட்டியை விக்டோரியா ராணி 400 கஜத்திலிருந்து ஒரு விட்வொர்த் ரைபிளைச் சுட்டுத் தொடங்கி வைத்தார். அந்தப் போட்டி 1890-இல் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்து இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

இந்தியாவில் ஒருவர் நெடுந்தூரத்தில் தொடங்குவதில்லை. பத்து மீட்டரில் தொடங்குகிறார். காரணம் சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, .177 அங்குல விட்டத்துக்கு மிகாத, 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். .22 ரைபிள் என்றாலே உரிமம், சங்க உறுப்பினர் அட்டை, தோட்டாக் கணக்கு என்று காகிதம் வளர்ந்துவிடும். ஆரணி இளைஞருக்கு வேறொரு வாசலும் உண்டு. பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. இருந்தால் .22 ரைபிளைப் படுத்தபடி சுடும் வாய்ப்பு அங்கேயே கிடைத்துவிடும். ஐந்து தோட்டாவும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பார்க்கும் 'குரூப்பிங்' தேர்வு, தமிழ்நாட்டில் பலருக்கும் இந்த விளையாட்டின் முதல் பாடம். அதற்குமேல் போட்டி என்று வந்தால் சென்னைப் பயணம்தான். எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் ஒரு ரைபிள் கிளப் இருப்பது, 2021-இல் நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. அவர் எடுத்தது பிஸ்டல். மாநிலப் போட்டி, மண்டலப் போட்டி, மாவ்லங்கர் போட்டி என்று ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால்தான் தேசியப் போட்டிக்கு வழி திறக்கும். 1951-இல் தேசிய ரைபிள் சங்கத்தை நிறுவியவர் மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர் என்பதால் அந்தப் பெயர்.

பத்து மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். 50 மீட்டரில் அது 10.4 மில்லிமீட்டர், 300 மீட்டரில் 10 சென்டிமீட்டர். எண்களை மட்டும் பார்த்தால் தூரம் கூடக்கூட வேலை சுலபமாவதுபோல் தோன்றும். 300 மீட்டருக்கு முதன்முறை வரும் புதியவர்கள் பலர் இந்த எண்ணத்தோடுதான் விரிப்பில் படுக்கிறார்கள்.

படுப்பதே ஒரு தனிக் கலை. உடம்பு ரைபிளின் கோட்டுக்குச் சற்றுச் சாய்வாகக் கிடக்க வேண்டும். இடது முழங்கை ரைபிளுக்கு ஏறத்தாழ நேர் கீழே வர வேண்டும். மேற்கையில் மாட்டிய தோல்பட்டை, அதாவது ஸ்லிங், ரைபிளின் எடையை எலும்புக்குக் கடத்திவிடும். 50 மீட்டர், 300 மீட்டர் ரைபிள்கள் 8 கிலோ வரை இருக்கலாம் என்பது விதி. அதைத் தசையால் தாங்குபவர் இருபதாவது தோட்டாவுக்குள் நடுங்கத் தொடங்கிவிடுவார். எல்லாம் சரியாக அமைந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. குறி வைத்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்தால் வளையம் அதே கறுப்பில் நிற்க வேண்டும். விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது, இடுப்பை நகர்த்த வேண்டும். புதியவர்கள் கையால்தான் இழுப்பார்கள். விசை அழுத்தும் கணத்தில் கை தளர, ரைபிள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

முதல் போட்டியின் மதிப்பெண் தாளைப் படிப்பதிலும் இதேபோல ஒரு தவறு நடக்கிறது. 300 மீட்டரில் பத்துத் தோட்டாக்கள் என்று கொள்வோம். ஒருவருடைய பத்தும் 8 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நெருங்கி விழுந்திருக்கின்றன, ஆனால் அந்த வட்டமே மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் வலப்புறம் இருக்கிறது. அவருக்கு ஒன்பதும் எட்டுமாக 85 புள்ளி கிடைக்கும். இன்னொருவருடைய தோட்டாக்கள் மையத்தைச் சுற்றி 25 சென்டிமீட்டருக்குச் சிதறிக் கிடக்கின்றன. சில பத்து, சில ஒன்பது, சில எட்டு என்று அவருக்கு 90 கூட வரலாம். தாள் இரண்டாமவரை மேலே வைக்கும். பயிற்சியாளர் முதலாமவரைத்தான் தேர்ந்தெடுப்பார். குறிக்கருவியின் ஒரு கிளிக் பெரும்பாலும் கால் கலை கோணம் (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு), 300 மீட்டரில் அது சுமார் 2.2 சென்டிமீட்டர். இடப்பக்கம் நாலைந்து கிளிக் திருப்பினால் முதலாமவரின் தோட்டாக்கள் அத்தனையும் பத்துக்குள் வந்துவிடும். இரண்டாமவரின் சிதறலைத் திருத்தும் கிளிக் எந்த ரைபிளிலும் இல்லை. அதற்கு மாதக்கணக்கில் வெற்று விசை அழுத்திப் பழக வேண்டும்.

அந்த 10 சென்டிமீட்டர் வலப்புற விலகல் எங்கிருந்து வந்தது என்பதுதான் நெடுந்தூரத்தின் உண்மையான கேள்வி. பெரும்பாலும் விடை காற்று. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று .22 குண்டை 50 மீட்டரில் சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளிவிடும். மையத்துக்குப் போக வேண்டியது ஏழில் விழும். 7.62 மில்லிமீட்டர் குண்டை அதே காற்று 300 மீட்டரில் ஒரு சாண் அளவுக்குத் தள்ளும். 1000 கஜத்தில் தள்ளல் இரண்டரை மீட்டரை நெருங்கும். அங்கே உச்ச மதிப்பெண்ணான ஐந்து கிடைக்கும் வட்டத்தின் விட்டம் 20 அங்குலம். காற்றின் வேகத்தை வெறும் ஒரு மைல் தவறாக மதிப்பிட்டாலே குண்டு மையத்திலிருந்து வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். அந்தத் தூரத்தில் புவியீர்ப்பு குண்டைப் பல மீட்டர் கீழே இழுக்கிறது என்பது கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த இறக்கம் மாறாதது. அட்டவணையைப் பார்த்துத் திருப்பிவிட்டால் முடிந்தது. காற்றுக்கு அட்டவணை இல்லை.

காற்றைத் தெரிந்துகொள்ள இரண்டு வழி. ஒன்று கொடி. உலகக் கூட்டமைப்பின் 50 மீட்டர் ரேஞ்சில் 10, 30 மீட்டரிலும், 300 மீட்டர் ரேஞ்சில் 50, 100, 200 மீட்டரிலும் சிறு கொடிகள் கட்டப்பட்டிருக்கும். புதியவரின் கண் இலக்கிலேயே இருப்பதால் இலக்குக்குப் பக்கத்துக் கொடியைத்தான் நம்புவார். கூடுதல் மதிப்பு உண்மையில் தன் பக்கத்துக் கொடிக்குத்தான். தொடக்கத்திலேயே விலகிய குண்டு மிச்சத் தூரம் முழுவதும் விலகிக்கொண்டே போகும். இரண்டாவது வழி கானல். தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்னால் குவித்துப் பார்த்தால், சூடான தரையிலிருந்து எழும் அலை காற்றுப் போகும் பக்கம் ஓடுவது தெரியும். நேர்மேலே கொதிப்பதுபோல் எழுந்தால் குறுக்குக்காற்று இல்லை, அல்லது இருக்கும் காற்று நேராக முன்னாலோ பின்னாலோ வீசுகிறது. பெரும்பாலும் அது திசை மாறப் போவதற்கும் அடையாளம். அனுபவசாலிகள் அந்தக் கொதிப்பில் சுடமாட்டார்கள். கானல் காற்றைக் காட்டிக்கொடுத்தாலும் இலக்கின் பிம்பத்தையும் கொஞ்சம் இடம்மாற்றிக் காட்டும் என்பதால் அதை அப்படியே நம்பவும் முடியாது.

வட தமிழ்நாட்டில் பழகுபவருக்கு இது எதுவும் புதிதல்ல. ஆரணித் தெருக்களில் விடியலில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் நெசவாளர், காற்று எழும் முன் வேலையை முடிக்கப் பார்ப்பதைப் போல, திறந்தவெளி ரேஞ்சில் அனுபவம் உள்ளவர்களும் காலைச் சுற்றுக்கே பெயர் கொடுக்கப் பார்ப்பார்கள். ஆனால் போட்டியில் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்கு இல்லை. ஆடி மாத மேல்காற்றில் மதியச் சுற்று வாய்த்தால் அதில்தான் சுட்டாக வேண்டும்.

அப்போது செய்யக்கூடியது இரண்டுதான். காற்றுக்கு ஏற்பக் கிளிக் திருப்பிச் சுடலாம், அல்லது தனக்குத் தெரிந்த காற்று மறுபடி வரும்வரை காத்திருக்கலாம். உலகக் கூட்டமைப்பின் போட்டிகளில் மொத்தச் சுற்றுக்கும் சேர்த்து நேரம் தரப்படுவதால் காத்திருக்க இடம் உண்டு. டார்கெட் ரைபிளின் பிஸ்லி முறையில் அந்தச் சலுகை இல்லை. இரண்டு மூன்று பேர் ஒரே இலக்கில் மாறிமாறிச் சுட வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் 45 நொடி. ஒருவர் சுடும்போது பக்கத்தில் இருப்பவர் அவருடைய மதிப்பெண்ணைக் குறிக்க வேண்டும். தூரத்துப் பள்ளத்தில் இருக்கும் ஆள் இலக்கை இறக்கி, துளையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி, மறுபடி ஏற்றுவார். தகடு தெரிந்ததும் அடுத்தவரின் 45 நொடி ஓடத் தொடங்கிவிடும். காற்று, கிளிக், மூச்சு, விசை எல்லாம் அதற்குள்தான்.

இங்கே புதியவரைக் கவிழ்ப்பது 'துரத்தல்'. ஒரு குண்டு வலது எட்டில் விழுந்தால் உடனே இடப்பக்கம் நான்கு கிளிக். அடுத்தது இடது எட்டில் விழும், உடனே திரும்ப வலப்பக்கம். முதல் எட்டு காற்றால் வந்ததா, தன் விரல் இழுத்ததால் வந்ததா என்று தெரியாமல் கிளிக் திருப்பியதன் விளைவு இது. இதற்கு மருந்து பழையது. விசை விழுந்த கணத்தில் வளையம் எங்கே நின்றது என்பதை, குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் திரையையோ தகட்டையோ பார்க்கும் முன்பே தனக்குள் சொல்லிவிட வேண்டும். சொன்ன இடமும் விழுந்த இடமும் பொருந்தாவிட்டால் மட்டுமே காற்றின் மேல் பழி. இந்தப் பழக்கம் இல்லாதவரின் நோட்டில் இருக்கும் காற்றுக் குறிப்புகளை நம்ப முடியாது.

இந்திய ரைபிளின் ஒலிம்பிக் கணக்கைப் பார்த்தால் இதே கதைதான் பெரிய அளவில் தெரிகிறது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா, 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் என்று பதக்கம் வந்தது கூரைக்குக் கீழே, காற்றே இல்லாத 10 மீட்டரில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அதே தூரத்தில்தான். 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் 2024-இல் பாரிஸில், கொல்ஹாப்பூர் மாவட்டத்து ரயில்வே டிக்கெட் பரிசோதகர் ஸ்வப்னில் குசாலே 451.4 எடுத்தபோதுதான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் சிஃப்ட் கவுர் சம்ரா 469.6 புள்ளியுடன் உலக சாதனை படைத்திருந்தார். கை நிதானத்தில் இந்தியர் யாருக்கும் சளைத்தவர் அல்லர். காற்றில் சுட்டுப் பழகும் மணிநேரம்தான் இங்கே குறைவு. 300 மீட்டரோ 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. ராணுவத்தின் குறிசுடும் பிரிவு மத்தியப் பிரதேசத்து மஹூவில் இருக்கிறது, அந்தத் தூரத்தில் இந்தியாவில் முன்னால் நிற்பவர்களும் பெரும்பாலும் படைவீரர்களே.

பிஸ்லி மரபோடு இந்தியாவுக்குப் பழைய உறவு உண்டு என்பதால் இது கொஞ்சம் வருத்தமான நிலைமை. கொல்ஹாப்பூர் மன்னர் அளித்த கோப்பைக்காக 1871-இல் தொடங்கிய 'கொலாப்பூர்' அணிப்போட்டி இன்றும் பிஸ்லியில் நடக்கிறது. 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டில் இந்த வகைச் சுடுதல் குர்கானை அடுத்த காதர்ப்பூரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் வளாகத்தில் நடந்தது. இணையர் பிரிவில் தங்கம் இங்கிலாந்தின் பராக் படேலுக்கும் ஜொனாதன் அண்டர்வுட்டுக்கும் போனது. 2022 பர்மிங்காமில் சுடுதலையே எடுத்துவிட்டார்கள்.

அணிப்போட்டியில் புதியவரின் சுமை ஒரு விதத்தில் இறங்குகிறது. பின்னால் தொலைநோக்கியுடன் அமர்ந்திருக்கும் காற்றுப் பயிற்சியாளர் எத்தனை கிளிக் என்று சொல்வார். சுடுபவர் திருப்பிக்கொண்டு, விசை அழுத்தி, எங்கே நின்றது என்று சொன்னால் போதும். தவறு கையிலா காற்றிலா என்ற கேள்விக்கு அங்கே உடனுக்குடன் விடை கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் இரண்டுக்கும் பொறுப்பு வெவ்வேறு ஆள்.