'காதுகள்' நாவலும் உளநோய் பற்றிய நம் நோக்கும்

தமிழ்க் கதையுலகில் உளநோயாளர் தோன்றாமலில்லை. எனினும் கதைத் திருப்பத்துக்கு உதவும் கருவியாகவோ, நகைப்புக்குரிய பாத்திரமாகவோ அவர் வந்து போவதே பெருவழக்கு. அவ்வழக்கினின்று விலகி நிற்பது எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்'. 1993ஆம் ஆண்டு சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற இந்நாவலின் நாயகன் மகாலிங்கம், பிறர் எவருக்கும் கேளாத குரல்களைத் தன் காதுகளில் ஓயாது கேட்பவன். அவை அவனை ஏசுகின்றன, ஏளனஞ் செய்கின்றன. குடும்பம் வறுமையுறுகிறது. அவனோ முருகனைக் குருவாகப் பற்றி நிற்கிறான்.

இதனை ஆன்மிகப் போராட்டமாக வாசிப்போர் உளர். உளப்பிறழ்வின் பதிவாக வாசிப்போரும் உளர். எவ்வாறு வாசிப்பினும், ஆசிரியர் கைக்கொண்ட முறை கவனத்துக்குரியது. தம் அனுபவத்தையே நாவலாக்கிய அவர், அக்குரல்கள் கூறுவனவற்றைக் கூசாது பதிவு செய்கிறார். கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநல மருத்துவமனையில் உள்ளோரின் பேச்சுக்குச் செவிகொடுப்பதும் இம்முறையோடு உறவுடையதே.

உளமருத்துவ மதிப்பீடும் இவ்வாறே தொடங்குகின்றது. துன்பம் எப்போது தொடங்கியது, உறக்கமும் பசியும் எவ்வாறுள்ளன, குரல்கள் கேட்கின்றனவா, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என மருத்துவர் வினவுகிறார், உறவினரிடமும் கேட்டறிகிறார். இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தைரொயிட் கோளாறு முதலிய உடற்காரணங்களைக் கண்டறியவே பயன்படும். நோயை இனங்காண்பதற்குரிய முதன்மைச் சான்று நோயாளியின் சொல்லும் நடத்தையுமே ஆகும்.

இவ்வுண்மையை எமது மலையகத்தில் வைத்து நோக்குதல் தகும். வட்டவளை போன்ற தோட்டப்புறங்களில், லயத்தில் ஒருத்தி தனியே பேசத் தொடங்கினால் 'முனி அடித்துவிட்டது' என்பர், கோடாங்கியை அழைப்பர். இதனை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கோடாங்கி வீட்டு வாசலுக்கே வருகிறார். அவர்கள் மொழியிலேயே பேசுகிறார். குடும்பத்தார் குறையைக் கேட்கிறார். வைத்தியசாலைக்குச் செல்வதாயின் அன்றைய பேர் விழாது. பஸ் கட்டணமும் வேண்டும். 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயரையே வசவாக்கிய சமூகத்தின் ஏளனத்தையும் தாங்கவேண்டும்.

அனைத்திலும் பெரிய தடை மொழியே. மருத்துவர் தமிழறியாதவராயின், உடன்சென்ற பிள்ளையோ அயலவரோ மொழிபெயர்ப்பாளராகிறார். 'நெஞ்சை அடைக்குது' என்பது வெறும் நெஞ்சுவலியாகிவிடலாம். மகன் முன்னிலையில் தாய் தன் தற்கொலை எண்ணத்தை எவ்வாறு கூறுவாள்? 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கை சேவைகளை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல முனைந்தது. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறினாலன்றித் தோட்டத் தொழிலாளிக்கு முறையான மதிப்பீடு கிட்டாது.

'காதுகள்' நாவலின் எல்லையும் இங்கே புலனாகின்றது. மகாலிங்கம் தன் துன்பத்தைத் தனித்து நின்று சகிக்கிறான்; வாசகர் அச்சகிப்பை வியக்கிறோம். அவ்வியப்பு, நோயைப் பொறுத்துக்கொள்வதே பெருமை என்னும் கருத்துக்கு இடங்கொடுத்துவிடக் கூடாது. எழுத்தாளனுக்கு அத்துன்பத்தைச் சொல்ல நாவல் இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவளுக்கு வேண்டியது உரிய காலத்துச் சிகிச்சை.

குடியுரிமைப் பறிப்பையும் உழைப்புச் சுரண்டலையும் வீறுடன் எழுதிய மலையக இலக்கியம், லயத்து உளநோயாளரின் குரலை அந்த அளவுக்கு எழுதவில்லை. இக்குறையைக் களைவது இனி எழுத வருவோரின் கடன். கலைப்பீடத்தில் தமிழும் உளவியலும் பயிலும் நாம், மக்கள் தம் மனத்துயரைக் கூறும் சொற்களைத் தோட்டந்தோறும் சென்று தொகுக்கலாம். அத்தொகுப்பு எழுத்தாளனுக்குப் பயன்படும். தமிழ் பேசும் நோயாளியைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கு அதனினும் மிகுதியாகப் பயன்படும்.