தாமரைக் குளமும் பிள்ளை விளையாட்டும்

குழந்தைகள் விளையாடும் சித்திரமென்றால் உருண்டைத் தலை, அகன்ற விழி, சிவந்த கன்னம் இவை போதுமென்று ஓவியர்கள் பலர் நினைக்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் பல்லாங்குழி ஆடுகிறவள் குழியைப் பார்க்காமல் நம்மைப் பார்த்தல்லவா சிரிக்கிறாள்! அவள் ஆட்டம் எப்போதோ நின்றுவிட்டது.

உருவத்தை மாற்றி வரைவதையே நான் குறை சொல்லவில்லை. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். சுமார் கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் சுண்ணச் சாந்தின் மேல் தீட்டிய தாமரைக் குளம். அதில் யானைக்குப் போட்டியாகப் பூ மலர்ந்திருக்கிறது. தூரமென்றும் கிட்டமென்றும் பேதமில்லை. அளவைத் துறந்த அந்தக் கலைஞன், பூப்பறிக்கும் உடலின் நெளிவைத் துறக்கவில்லை. அதனால்தான் குளம் இன்னும் உயிரோடிருக்கிறது.

கண்ணைப் பெரிதாக்குங்கள், காலைச் சிறிதாக்குங்கள். நொண்டி ஆடும் சிறுமியின் பாரம் மட்டும் அந்த ஒற்றைக் காலில் விழட்டும்.