தில்லானா: பாணிகளும் அளவுகோல்களும்

தில்லானா சொற்கட்டுகளால் ஆன துரித நடை உருப்படி. பல்லவியும் அனுபல்லவியும் 'தீம்', 'தோம்', 'நாதிரு', 'தனன' போன்ற ஒலிகளாலேயே அமையும். சரணத்தில் ஓரிரு வரி சாகித்தியம் வரும். இந்துஸ்தானி தரானா இதற்கு நெருங்கிய உறவு. கச்சேரியில் மங்களத்துக்குச் சற்று முன்னும் நாட்டிய மார்க்கத்தின் நிறைவிலும் இதற்கு இடம்.

தஞ்சைப் பாணியின் முன்னோடியாக 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெலட்டூர் வீரபத்ரய்யாவைச் சொல்வது மரபு. அடுத்த நூற்றாண்டில் முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்களான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் அலாரிப்பு தொடங்கித் தில்லானாவில் முடியும் மார்க்கத்தை ஒழுங்குபடுத்தினர். இப்பாணியில் பாட்டின் மெட்டு ஓடிக்கொண்டிருக்க, அடவுக் கோர்வைகள் அதன் குறுக்கே தம் கணக்கை நடத்தி, அறுதியில் எடுப்போடு சேரும்.

திருவனந்தபுரம் பாணிக்கு ஊற்று மன்னர் சுவாதித் திருநாள் (1813–1846). அவருடைய அவையில் கர்நாடக வித்வான்களோடு இந்துஸ்தானிக் கலைஞர்களும் இருந்தனர். அந்தச் சங்கமத்தின் விளைச்சல்தான் அவருடைய தனாஸ்ரீ ராகத் தில்லானா. தஞ்சை வடிவேலு இங்கே வந்து அவையை அணிசெய்தார். வடிவேலு வயலினைக் கர்நாடக இசையில் நிலைநிறுத்தியவர்களில் ஒருவர். 1834இல் மன்னர் அவருக்குத் தந்த வயலின் புகழ்பெற்றது. மோகினியாட்டத்திலும் தில்லானா இடம்பெற்றது. அங்கே விறுவிறுப்பு லாஸ்யத்துக்கு அடங்கி, உடல் வளைந்து சுழலும் அசைவாக வெளிப்படுகிறது.

கச்சேரிப் பாணியில் கணக்கு ஓங்கி நிற்கிறது. மகா வைத்தியநாத ஐயர் கானடா ராகத்தில், 128 அட்சரம் கொண்ட சிம்மநந்தன தாளத்தில் தில்லானா அமைத்தார். இராமநாதபுரம் 'பூச்சி' சீனிவாச ஐயங்கார் பல தில்லானாக்களைத் தந்தார். பின்னாளில் பாலமுரளிகிருஷ்ணாவின் கதனகுதூகலத் தில்லானாவும் லால்குடி ஜெயராமனின் மோகனகல்யாணித் தில்லானாவும் பாட்டு மேடை, நாட்டிய மேடை இரண்டிலும் பரவின.

தில்லானாவை வயலினிலும் வாசிப்பதுண்டு. வில் வாத்தியத்துக்கும் துள்ளல் நடனத்துக்கும் உள்ள ஒட்டுறவு மேற்கிலும் உண்டு. டேவிட் பாப்பர் செல்லோவுக்கும் பியானோவுக்கும் எழுதிய டாரன்டெல்லா என்னும் துள்ளல் நடன இசை அத்தகையது. அங்கே பியானோ தரும் தாளப் பிடிப்பை இங்கே மிருதங்கம் தருகிறது. வயலினில் சொல் இல்லை. ஆகவே ஒவ்வொரு சொற்கட்டின் வெட்டையும் வில்லே உச்சரிக்க வேண்டும்.

தில்லானாவை மதிப்பிட அளவுகோல்கள் நான்கு. முதலாவது, துரிதத்திலும் ஒவ்வொரு ஜதியும் தனித்துக் கேட்க வேண்டும். இரண்டாவது, தொடங்கிய காலப்பிரமாணம் இறுதிவரை ஓடாமல் நிற்க வேண்டும். மூன்றாவது, கோர்வை எடுப்பில் பிசகின்றி விழ வேண்டும். நான்காவது, சொற்கட்டு மட்டுமே ஒலிக்கும்போதும் ராகம் முதல் வரியிலேயே தன்னை அறிவிக்க வேண்டும். முதல் மூன்றும் பயிற்சியால் வரும். நான்காவது ராக ஞானத்தால்தான் வரும். பொருள் தரும் சொல் துணை நிற்காத உருப்படியில் ராகமே பொருள். அதை இழந்த வேகம் எத்தனை கைதட்டல் பெற்றாலும் தில்லானா ஆகாது.