நடுகல்லும் வழிப்போக்கரும்

1949 முதல் ஆண்டுதோறும் திசம்பர்த் திங்கள் 7ஆம் நாள் இந்திய நாட்டிற் படைவீரர் கொடிநாளாகக் கொள்ளப்பெற்று வருகின்றது. சிறு கொடி வழங்கிப் பொருள் தொகுத்து, போரிற் பட்டோர் குடும்பத்தார்க்கும் உறுப்பிழந்தார்க்கும் ஓய்வு பெற்ற வீரர்க்கும் உதவுதல் அந்நாளின் நோக்கம். அந்நாளையொட்டித் தமிழிற் பேசுவோரும் எழுதுவோரும் நடுகல் வழிபாட்டை எடுத்துக்காட்டுதல் ஒரு வழக்காகிவிட்டது. மாண்ட வீரரை மறவாத இனம் தமிழினம் என்பது அவர்தம் முடிபு. இம்முடிபு சங்கப் பாடல்களுள் ஒரு பாதியை மட்டும் நோக்கிக் கொண்டது என்பது எம் கருத்து.

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகற் சடங்கினை அறுவகைப்படுத்துக் கூறும் தொல்காப்பியம். சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைப் பெயர்களும் இவ்வரிசையைத் தழுவியனவே. வாழ்த்தோடு இலக்கணம் நின்றுவிடுகின்றது. வாழ்த்தியோர் ஊர் திரும்பிய பின் அக்கல் என்னாயிற்று என்பது இலக்கண ஆசிரியர்க்கு வேண்டாத வினா. புலவர்க்கு அது வேண்டியிருந்தது.

மேடைகளிற் பெரிதும் வழங்குவது புறநானூற்று 263ஆம் பாட்டு. பறை ஏந்திச் செல்லும் இரவலன் ஒருவனை நோக்கி, வழியிலுள்ள நடுகல்லைத் தொழாது செல்லற்க என்கின்றது அது. அவ்வாறு சொல்ல வேண்டியிருந்தமையே, தொழாது செல்வாரும் உளர் என்பதனைக் காட்டுமன்றோ?

உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய 264ஆம் பாட்டு இன்னும் ஆழமுடையது. மரல் நாரில் தொடுத்த செம்பூங்கண்ணி உண்டு, மயிற்பீலி உண்டு, பெயரும் பொறிக்கப்பெற்றது. சடங்கிற்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும் பாட்டு அங்கு முடிந்திலது. ஆனிரை மீட்டு மாண்டவனது சாவினை அறியாத பாணர் சுற்றம் இன்றும் அவன் மனை நோக்கி வருமோ என்னும் ஐயத்தோடு அது முடிகின்றது. இனி அவர்க்குச் சோறிடுவார் யார் என்பதனைப் புலவர் வெளிப்படக் கேட்டிலர். கேளாமையே பாட்டின் ஆற்றல். இதனை வீரச் சிறப்பு எனக் கூறி அமைவோர், பாட்டின் முற்பகுதியோடு நூலை மூடிவிட்டனர் என்றே கொள்ளவேண்டும்.

அதியமான் நடுகல் முன் நின்ற ஔவையாரோ (232) சடங்கினையே ஏற்றிலர். மலையோடு கூடிய நாட்டினைத் தரினும் கொள்ளாதவன், சிறு கலத்திற் பெய்த கள்ளைக் கொள்வானோ என்பது அவர் வினா. அள்ளூர் நன்முல்லையார் பாட்டு (306) சிதைந்து கிடைத்துள்ளது. எனினும் அதன் கருத்துப் புலனாகின்றது. நடுகல்லை நாளும் தொழும் மனைவி விருந்து வேண்டுகின்றாள். அவ்வேண்டுதலோடு, தன் கணவனுக்கும் அவன் வேந்தனுக்கும் பெரும் பகை வாய்க்கவேண்டும் எனவும் வேண்டுகின்றாள். ஒரு கல்லை வழிபடுதல் மற்றொரு கல்லுக்கு வித்தாதலை இதனினும் தெளிவாக யாண்டும் கண்டிலேம். நினைவு நாட் சொற்பொழிவாளர் இப்பாட்டைத் தொடாமை வியப்பன்று.

இனி, மறுபாதி அகநானூற்றில் உள்ளது. 297ஆம் பாட்டில் வரும் கல், அம்பு தீட்டுதலால் பக்கம் தேய்ந்தது. அதன் எழுத்தினை இயைத்துப் படிக்க மாட்டாத வழிப்போக்கர் அதனை விட்டுக் கழிகின்றனர். 343ஆம் பாட்டிலோ உப்பு வணிகரின் வண்டி உருளை கல்லின் தலையைச் சிதைத்துவிட்டது. கண்ணி வாடியது, நீராட்டுவார் இலர், உளி வெட்டிய எழுத்துக்கள் கோடு மாய்ந்து, காண்பார்க்கு வேறு பொருள் தருகின்றன. மறதியினும் கொடியது இது. பெயரும் பீடும் உரைக்க நட்ட கல், பிறிதொன்றனை உரைத்து நிற்கின்றது.

இவை பாலைநிலக் கொடுமையை உணர்த்த வந்த பின்புலமே, நடுகல் பற்றிய கருத்தல்ல என்பார் உளர். பின்புலம் என்பது உண்மை. ஆனால் பாலையின் வெம்மையைக் காட்ட வெறுங்கல் போதும். தேய்ந்த எழுத்தும், அதனைப் படிக்க முயன்று இயலாத கண்ணும் வேண்டா. அவற்றைத் தேர்ந்தவர் வழியிற் கண்டு தேர்ந்தனர் என்றே தோன்றுகின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள், எழுத்துப் பொறித்தல் புலவர் கற்பனையன்று என்பதனை நிறுவின. அவற்றுள் ஒன்று, இலக்கணம் கூறும் ஆகோள் என்னும் சொல்லையே தாங்கியுள்ளது.

முதல் உலகப் போரின் பின் இலண்டனில் 1920இல் வெற்றுக் கல்லறை நினைவுச்சின்னத்தைத் திறந்தோர், நவம்பர் 11 என்னும் நாளையும் அதனோடு இணைத்தனர். தில்லியில் 1931இல் முடிவுற்ற இந்திய வாயிலில் 13,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள. அவற்றுள் ஒன்றனையேனும் நின்று படித்துச் செல்வார் எத்துணையர்? நாள் குறித்தல், கல் செய்ய இயலாத ஒன்றனைச் செய்கின்றது: செல்வாரை நிறுத்துகின்றது. கொடிநாளின் உண்டியலோ பாணர் சுற்றத்தின் பசிக்கு விடை தேடுவது. அவ்வகையில் அது 263ஐக் காட்டிலும் 264க்கே அணுக்கமானது.

புண்பட்டு உயிரோடு மீண்டவனைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. அரிசில் கிழார் பாடிய 281இல், மனையில் இரவமும் வேம்பும் செருகி, ஐயவி சிதறி, யாழ் இசைத்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பி அவனைக் காக்க முற்படுகின்றனர். கொடிநாள் உரைகளில் இப்பாட்டு இடம்பெற யாம் கண்டிலேம். அவன் இன்னும் கல்லாகாமையாற் போலும்.